அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை இலவசம், பல்லுக்கு மட்டும் ஒன்றரை லட்சமா?

பூக்காரி மகள் (ஸ்ரீராமபுரம், பெங்களூரு)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. வீட்டு வாசலில் பூ கட்டி விற்கிறார். விடிகாலையில் தம்பி கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து காக்கடாவும் செவ்வந்தியும் வாங்கிவந்து போட்டுவிட்டு ஆட்டோ எடுக்கப் போய்விடுவான். பத்து மணிக்குள் அம்மா இருபது மாரு (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு மாரு) கட்டிவிடுவார்.

பூ கட்டுகிறவர்களைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நூலை அறுக்க யாரும் கத்தரி எடுப்பதில்லை. பல்லில் வைத்து ஒரு கடி, அவ்வளவுதான். சித்திரையில் ஒருநாள் அம்மாவின் மடியில் பாதி உடைந்த பிளேடு கிடந்தது. இது எதுக்கு என்று கேட்டேன். "நூலு அறமாட்டேங்குது" என்றார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், கீழே முன்பல் நாலும் விரல் பட்டாலே ஆடுகின்றன. ஈறு இறங்கி, வேர் தெரிகிறது. ஓரத்தில் அழுத்தினால் சீழ்.

சர்க்கரை வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எங்கள் ஏரியா அரசு கிளினிக்கில்தான் பார்க்கிறோம். மெட்பார்மின் தவறாமல் கிடைக்கிறது. இன்னொரு மாத்திரை சில மாதம் "ஸ்டாக் இல்லை, ஹொரகடெ தகோளி" (வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்) ஆகிவிடும். எடை, பி.பி., விரல் நுனியில் ஒரு குத்து. குறை சொல்லவில்லை, கூட்டத்துக்கு நடுவே அவ்வளவு செய்வதே பெரிது. ஆனால் ஒன்பது வருஷத்தில் காலைப் பார்த்தது இரண்டு தடவை, கண்ணுக்கு அனுப்பியது ஒரு தடவை. வாயைத் திற என்று ஒருவரும் சொன்னதில்லை.

மெயின் ரோட்டில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ஆறு பல் எடுக்க வேண்டும், ஈறுக்கு அடியில் சுத்தம் செய்ய வேண்டும், பிறகு நாலு ஸ்க்ரூ பல். மொத்தம் 1,60,000. தவணையில் கட்டலாமாம். அதற்கும் ஒரு நிபந்தனை: மூன்று மாதச் சராசரி, அந்த எச்பிஏ1சி, 10.6 இருக்கிறதே, 8-க்குக் கீழே கொண்டு வந்தால்தான் கை வைப்பார்களாம்.

சரி என்று சர்க்கரை டாக்டரிடம் போனால், "ஈறில் இவ்வளவு சீழை வைத்துக்கொண்டு சர்க்கரை எப்படி இறங்கும்? முதலில் பல்லைப் பாருங்கள்" என்கிறார். இன்சுலினும் ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது, ராத்திரி 12 யூனிட். காலை வெறும் வயிற்றில் இன்னும் 230, 240. போகும்போதெல்லாம் அம்மாவுக்குத் திட்டு. "பாட்டி, ராத்திரி என்ன சாப்பிடறீங்க, உண்மையைச் சொல்லுங்க." நானும் திட்டியிருக்கிறேன்.

இரண்டு கவுண்டருக்கும் நடுவில் அம்மா பிளேடோடு உட்கார்ந்திருக்கிறார்.

ஐந்து லட்ச ரூபாய் ஆயுஷ்மான் கார்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். அட்மிட் ஆனால்தான் என்றார்கள்.

குறைந்த செலவில் எங்கே போவது? இன்னொன்று, இது ஆத்திரத்தில் கேட்பது: சர்க்கரைக்குத் திட்டம் போட்டவர்களுக்கு வாய் உடம்பில் இல்லையா? பணம் இல்லையா, நினைப்பு இல்லையா?

ஓய்வு பார்மசிஸ்ட் (கே.ஜி.எஃப்., இப்போது ராமமூர்த்தி நகர்)

சகோதரி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இன்சுலின் பேனாவா, குப்பியா? குப்பி என்றால் அதில் 40 என்று போட்டிருக்கிறதா? நீங்கள் குத்துகிற சிரிஞ்சின் மூடி என்ன நிறம்?

பூக்காரி மகள்

குப்பிதான் சார். 40 ஐ.யு. என்று இருக்கிறது. மூடி ஆரஞ்சு. குப்பி கிளினிக்கிலேயே கொடுக்கிறார்கள். சிரிஞ்ச் இல்லை என்றார்கள், வெளியே மெடிக்கலில் வாங்கினோம்.

ஓய்வு பார்மசிஸ்ட்

நினைத்தேன். அம்மாவைத் திட்டியதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

40 குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி, 100 யூனிட் மருந்துக்கு. அந்தச் சிரிஞ்சில் 12 கோடு வரை இழுத்தால் 0.12 மில்லிதான் வரும். உங்கள் குப்பியில் அது ஐந்து யூனிட்கூட இல்லை. இரண்டு மாதமாக அம்மாவுக்குப் பாதிக்கும் குறைவாகத்தான் போயிருக்கிறது. இதே தப்பு திருப்பிப் போட்டு நடந்தால், அதாவது 100 மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால், ஆள் மயங்கி விழுந்துவிடுவார்.

ஆனால் நீங்களாக நாளைக்கே சிரிஞ்சை மாற்றி 12 போட்டுவிடாதீர்கள். குப்பி, சிரிஞ்ச் இரண்டையும் கையில் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். எத்தனையில் ஆரம்பிப்பது என்று அவர் சொல்லட்டும்.

இப்போது உங்கள் ஆத்திரத்துக்கு வருகிறேன். 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து எண்ணினவன் நான். மாத்திரை என்பது எண்ணக்கூடிய சரக்கு. மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், மொத்தக் கொள்முதல். தமிழ்நாடு 1994-ல் மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்துக் காட்டிய வழிதான் இது. அப்படி வாங்கினால் மெட்பார்மின் காசுக் கணக்கில் வரும். இண்டெண்ட், அதாவது தேவைப் பட்டியல் போட்டால் பெட்டி வரும். இத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று மாதக் கடைசியில் எழுதிவிடலாம். பல் நாற்காலி அப்படியா? கம்ப்ரசர் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆட்டோகிளேவ் வேண்டும், பல் டாக்டர் வேண்டும், பல்பு போனால் மாற்ற ஆள் வேண்டும். நான் இருந்த ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் நாற்காலி வந்து இரண்டு வருஷம் பிளாஸ்டிக் உறையோடு நின்றது. அதன் மேல் நாங்கள் லெட்ஜர் அடுக்கினோம்.

திட்டம் இல்லாமல் இல்லை. சர்க்கரை, பி.பி., புற்றுநோய் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தேசியத் திட்டம் 2010-ல் வந்தது. வாய்நலத்துக்குத் தனியாக 2014-ல். இரண்டுக்கும் இரண்டு ஃபைல், இரண்டு அதிகாரி. என்னைக் கேட்டால், கையில் நூறு ரூபாய்தான் இருக்கிறது என்றால் மாத்திரைக்கும் இன்சுலினுக்கும்தான் முதலில் கொடுப்பேன். சிரிஞ்சையும் சேர்த்து! குப்பியைக் கொடுத்துவிட்டு அஞ்சு பத்து ரூபாய் சிரிஞ்சை வெளியே வாங்கச் சொல்வது சிக்கனம் இல்லை.

கணக்கு பார்ப்பவன் (விவேக் நகர்)

மேடம், அம்மா நிலைமை வருத்தமாக இருக்கிறது. ஆனால் "நினைப்பு இல்லையா" என்ற கேள்வி கொஞ்சம் அநியாயம். கணக்கைப் பாருங்கள்.

2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரைக்காரர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் மருந்து என்று வையுங்கள். வருஷத்துக்கு 24,000 கோடிக்கு மேல் போகிறது. 2024-25 மத்திய பட்ஜெட்டில் தேசிய சுகாதார இயக்கம் மொத்தத்துக்கும் ஒதுக்கியதே 36,000 கோடி. பிரசவம், தடுப்பூசி, காசநோய் எல்லாம் அதற்குள்தான். அரசாங்கங்கள் எல்லாம் சேர்ந்து சுகாதாரத்துக்குச் செலவழித்தது 2021-22-ல் ஜி.டி.பி.யில் 1.84 சதவீதம். 2025-க்குள் 2.5 ஆக்குவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதியிருந்தார்கள்.

பல் என்று வந்தால் பணக்கார நாடுகளே கையைச் சுருக்கிக்கொண்டன. பிரிட்டனில் 1948-ல் எல்லாம் இலவசம் என்று ஆரம்பித்தார்கள். பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கூட்டம் தாங்காமல் 1951-ல் கட்டணம் போட்டார்கள். அந்தத் திட்டத்தை உருவாக்கிய அனியூரின் பெவனே அதை எதிர்த்துப் பதவியை விட்டார். கட்டணம் போகவில்லை. ஆடுகிற பல்லை இலவசமாகப் பிடுங்கிவிடுவதோடு அரசு நிறுத்திக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஓய்வு பார்மசிஸ்ட்

தம்பி, 200 ரூபாய் மெடிக்கல் கடை விலை. டெண்டர் விலையில் போட்டுப் பாருங்கள், உங்கள் 24,000 கோடி எங்கேயோ இறங்கிவிடும். அதோடு அந்தப் பத்துக் கோடிப் பேரில் எத்தனையோ பேருக்குத் தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. அவர்களுக்கு நாம் இன்னும் ஒரு பைசா செலவழிக்கவில்லை.

பல்லு டாக்டர் பொண்ணு (ஹொசகோட்டே)

அக்கா, நான் பி.டி.எஸ். முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. இம்ப்ளான்ட், அந்த ஸ்க்ரூ பல் பேச்சையே இப்போது விடுங்கள். இந்தச் சர்க்கரையில் அது நிற்பதும் சந்தேகம்.

நேராக ஒரு பல் கல்லூரிக்குப் போங்கள். விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்கள் தம்பி பூ வாங்குகிற மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரம். தனியார் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவுதான். ஒரு ரகசியம் சொல்கிறேன்: உங்களுக்கு அவர்கள் எவ்வளவு தேவையோ அவ்வளவு நீங்களும் அவர்களுக்குத் தேவை. ஒவ்வொரு மாணவருக்கும் இத்தனை கேஸ் என்று கோட்டா உண்டு. பல்செட் கேஸுக்கு ஆள் கிடைக்காமல் நான் பஸ் ஸ்டாப்பில் பாட்டிமார்களிடம் கெஞ்சியிருக்கிறேன். ஒருத்தர் மளிகைச் சாமான் கேட்டார், வாங்கிக் கொடுத்தேன்!

ஆதார், பி.பி.எல். (வறுமைக்கோட்டுக்குக் கீழ்) கார்டு, சர்க்கரை ரிப்போர்ட் எடுத்துக்கொள்ளுங்கள். "பல் எடுக்கணும்" என்று சொல்லாதீர்கள், நேராகப் பிடுங்குகிற பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். "ஈறு வீக்கம், சீழ்" என்று சொல்லி, ஈறு வைத்தியம் பார்க்கிற பெரியோ பிரிவு கேளுங்கள். வாயை நாலு பாகமாகப் பிரித்து, ஒரு தடவைக்கு ஒரு பாகம் சுத்தம் செய்வார்கள். காலை டிபனும் மாத்திரையும் ஆனபிறகு போங்கள், வெறும் வயிற்றோடு வேண்டாம்.

8-க்குக் கீழே வந்தால்தான் தொடுவோம் என்பது ஸ்க்ரூ பல்லுக்குச் சரி. சீழ் இருக்கிற ஈறை அதற்காகக் காக்க வைப்பது சரியில்லை. அன்றைய சர்க்கரையைப் பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் கொடுத்துச் செய்வார்கள். உங்கள் சர்க்கரை டாக்டர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. 2022-ல் காக்ரேன் என்கிற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஈறு வைத்தியம் செய்தவர்களுக்கு மூன்று நாலு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 இறங்கியிருக்கிறது. 10.6-ஐ ஈறு மட்டும் 7 ஆக்காது. ஆனால் அந்த 0.43 இன்னொரு மாத்திரை சேர்த்த மாதிரி.

கடைசியில் பல் போனாலும் கவலை வேண்டாம். பி.பி.எல். கார்டு உள்ள பெரியவர்களுக்குக் கர்நாடக அரசின் தந்த பாக்யா திட்டத்தில் இலவசப் பல்செட் உண்டு, கல்லூரியிலேயே கேளுங்கள்.

விவேக் நகர் சாருக்கு ஒரு வார்த்தை. பல்லைப் பிடுங்கிவிட்டால் செலவு முடிந்தது என்று நினைக்கிறீர்கள். பல் இல்லாத சர்க்கரைக்காரர் என்ன சாப்பிடுவார்? ராகி ரொட்டியும் கொத்தவரங்காயுமா? ரஸ்க்கை டீயில் நனைத்துத்தான்.

ஓசூர் மருமகள்

எங்கள் மாமியாருக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அந்தத் திட்டமே 2021 ஆகஸ்டில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் ஆரம்பித்தார்கள். மாத்திரை தருகிற அக்கா பி.பி. பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், கொய்யாக்கன்று வாடுவதைக்கூடக் கேட்பார். வாயைப் பற்றிக் கேட்டதில்லை. உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று மாமியார் வாயை டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைவாய்ப்பல் இரண்டு வேர்தான் மிச்சம். "வலிக்கலையா?" என்றால், "வலிச்சு முடிஞ்சு போச்சு" என்கிறார்.

பூக்காரி மகள் (24 நாள் கழித்து)

எல்லோருக்கும் பெரிய நன்றி. பார்மசிஸ்ட் சாருக்குத் தனியாக.

சிரிஞ்சைக் காட்டினோம். டாக்டர் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் சிவப்பு மூடிக்கு மாற்றி 8 யூனிட்டில் ஆரம்பித்து, மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை ஏற்றினார். நேற்றுக் காலை 148. அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டேன். "ராத்திரி ஒரு வாழைப்பழம் தின்னேன், அது உண்மைதான்" என்றார்.

பல் கல்லூரிக்கும் போனோம். எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை, ஏனென்றால் முதல் நாள் வீணாகிவிட்டது. ஒன்பது மணிக்கு வரிசை, பதினொன்றரைக்குச் சீட்டு, எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் கரண்ட் இல்லை. "நாளே பன்னி" (நாளைக்கு வாருங்கள்) என்றார்கள். மறுநாள் போனோம். பதிவு, எக்ஸ்ரே, ஒரு பாகம் சுத்தம் எல்லாம் சேர்த்து 270 ரூபாய். அதே இரண்டு நாளும் அம்மா பூ கட்டவில்லை, நான் சம்பளம் விட்டேன், தம்பி காலைச் சவாரி விட்டான். அதைக் கூட்டினால் மூவாயிரம் தாண்டும். விவேக் நகர் சார், உங்கள் கணக்கில் இந்த மூவாயிரம் எந்தப் பத்தியில் வரும்? கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

ஆறு பல் எடுக்க வேண்டும் என்றார்களே, இங்கே மூன்றுதான் என்கிறார்கள். கீழ் முன்பல் நாலில் இரண்டைக் கம்பி வைத்துப் பக்கத்துப் பல்லோடு கட்டிப் பார்க்கலாமாம்.

இன்னொன்று தெரியவந்தது. அங்கே காத்திருந்தபோது பக்கத்தில் ஓர் ஆஷா அக்கா, அதாவது வீடு வீடாகப் போகிற அரசுச் சுகாதாரப் பணியாளர், தன் பல்லுக்காக வந்தவர். பேச்சுக் கொடுத்தேன். முப்பது வயது தாண்டியவர்களுக்கு ஐந்து பரிசோதனை செய்ய வேண்டுமாம்: பி.பி., சர்க்கரை, வாய்ப் புற்று, மார்பகப் புற்று, கர்ப்பப்பை வாய்ப் புற்று. வாய்ப் புற்றுக்கு நர்ஸ் டார்ச் அடித்து வாய்க்குள் பார்க்க வேண்டும், அது விதியிலேயே இருக்கிறது என்றார். அப்படியானால் டார்ச் இருக்கிறது, ஆள் இருக்கிறார், சர்க்கரை நோயாளி எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். கன்னத்தில் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்க்கிற அதே வெளிச்சத்தில் ஈறில் சீழ் தெரியாதா? இதற்குக் கம்ப்ரசர் வேண்டுமா சார்?

கணக்கு பார்ப்பவன்

அந்த மூவாயிரம் எந்தப் பத்தியிலும் வராது மேடம். கைக்காசுச் செலவு என்று கணக்கெடுக்கும்போதுகூட விட்டுப்போன கூலியைச் சேர்ப்பதில்லை.

டார்ச் விஷயம் சரிதான், ஆனால் பார்த்தபிறகு? சீழ் என்று எழுதி அனுப்பினால் எல்லோரும் உங்களைப்போல அதே கல்லூரி வரிசையில்தான் வந்து நிற்பார்கள். பத்துக் கிளினிக்குக்கு ஒரு நாற்காலியும் ஈறு சுத்தம் செய்யத் தெரிந்த ஓர் ஆளும் என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஸ்க்ரூ பல், பக்கத்துப் பற்களில் தாங்கி வைக்கிற பாலப் பல் இதெல்லாம் அரசுக் காசில் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

பல்லு டாக்டர் பொண்ணு

அந்த ஆளாக இருக்க நான் தயார் சார். இப்போது ஒரு தனியார் கிளினிக்கில் 18,000 சம்பளத்துக்கு இருக்கிறேன். என் பேட்சில் பாதிப் பேர் பல் வேலையிலேயே இல்லை, ஆஸ்பத்திரிக் காப்பீட்டு பில் சரிபார்க்கிற கம்பெனிகளில் இருக்கிறார்கள். நாற்காலியும் கம்ப்ரசரும் விலை அதிகம்தான். ஆட்கள் மலிவாகத்தான் கிடைப்போம்.

அக்கா, இரண்டாவது பாகத்துக்குத் தேதி கொடுத்தார்களா? நடுவில் விட்டுவிடாதீர்கள்.

பூக்காரி மகள்

கொடுத்தார்கள். பார்த்தால் வரமகாலட்சுமி நோன்புக்கு முந்தின நாள். வருஷத்தில் அந்த இரண்டு நாள்தான் கனகாம்பரம் கேட்ட விலைக்குப் போகும். "பல்லு ஆடினா ஆடட்டும், அன்னைக்கு வரமாட்டேன்" என்று அம்மா அங்கேயே சொல்லிவிட்டார். அந்த மாணவிப் பொண்ணு சிரித்துக்கொண்டே அடுத்த செவ்வாய்க்கு மாற்றிக் கொடுத்தாள். வரும்போது தனக்கு இரண்டு மாரு மல்லி வேண்டுமாம், காசு கொடுத்துவிடுவாளாம்.

பிளேடு இன்னும் அம்மா மடியில்தான் இருக்கிறது.